அடுப்பை மீட்க வந்தவள்

"தாயி, என் அடுப்பை எனக்கு மீட்டுக் கொடு."

வாசற்படியில் நின்றபடியே கேட்டுவிட்டாள் பிரகதாம்பாள்.

அறுபத்தொரு வயது. ஒரு வருஷமாகப் பார்வை மங்கி மங்கி, இப்போது எதிரே நிற்கிற ஆள் வெறும் நிழல்தான். இனித் தெளியாது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

கதவைத் திறந்த செங்கமலத்துக்கு முப்பத்து நாலு. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் அவள் வீட்டில் சுட்ட காராமணி வடையை ஒருதரம் தின்றவர்களுக்கு வேறு வடை இறங்காது. மனசு சரியில்லை என்று வருகிறவர்களும் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவள் புத்தி சொல்ல மாட்டாள். கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள்.

"அடுப்பை யாரு தூக்கிட்டுப் போனது, பெரியம்மா?"

"என் மகன்தான். போன வாரம் வடை சுட்டேன். அத்தனையும் எண்ணெயிலேயே உதிர்ந்து போச்சு. 'போதும்மா, இனிமே அடுப்புப் பக்கம் வராதே'ன்னு வாணலியைப் பரண்மேல ஏத்திட்டான்."

"கெட்டிக்காரப் பிள்ளை. பரண்ல வச்சா கண்ணு தெரிஞ்சவளுக்கே எட்டாது."

"சிரிக்காதே தாயி. நாப்பது வருஷமா ஆடி வெள்ளிக்கு அம்பாளுக்கு என் கை வடைதான். நாளை மறுநாள் வெள்ளி. கடையில வாங்கி வச்சுக்கலாம்ங்கறான்."



செங்கமலம் ஆறுதல் சொல்லவில்லை.

"காராமணி ஊறப்போட்டு, வடிச்சு வச்சிருக்கேன். அரைங்க."

பிரகதாம்பாள் அரைத்தாள். காய்ந்த மிளகாய், இஞ்சி, சோம்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. முழுக் காராமணி ஒரு பிடி தனியே எடுத்து வைத்து, கடைசியில் வெங்காயத்தோடும் கறிவேப்பிலையோடும் சேர்த்துப் பிசைந்தாள்.

செங்கமலம் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இதுல ஒரு குத்தமும் இல்லையே! எனக்கே இந்தப் பதம் தினம் வராது."

"அப்புறம் ஏன் தாயி உதிருது?"

"சுடுங்க."

எண்ணெய் காய்ந்தது. பிரகதாம்பாள் மாவை உள்ளங்கையில் தட்டி, வாணலியின் ஓரமாக வழுக்கி விட்டாள். விட்ட கையோடு கரண்டியை எடுத்து உள்ளே துழாவினாள்.

"என்ன பண்றீங்க?"

"இருக்குதான்னு பாக்கறேன்."

"எங்க போயிடப் போவுது?"

பிரகதாம்பாள் கரண்டியைத் தூக்கினாள். கரண்டியில் தூள்தான் வந்தது.

செங்கமலம் அந்தத் தூளை வாங்கி ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள்.

"காரம் ஜோர்." கரண்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு போடுங்க."

"கரண்டி?"

"எங்கிட்ட இருக்கு."

போட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா, அம்மா என்று வாய் முணுமுணுத்தது.

வாணலியில், தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற மாதிரி சத்தம்.

நாப்பது வருஷம் இந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். ஒருநாளும் காது கொடுத்ததில்லை.

முதலில் பச்சை வாடை. பிறகு சோம்பு. பிறகு மிளகாய் மூக்கில் ஏறியது.

முணுமுணுப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

மழை மெல்ல மெல்லத் தூறலாயிற்று.

"இப்பக் கொடு தாயி."

"ஏன், சிவந்ததைப் பார்த்தீங்களா?"

"இல்லே."

"பின்னே?"

பிரகதாம்பாள் கையை மட்டும் நீட்டினாள்.

கரண்டி கைக்கு வந்தது. வடைக்கு அடியில் கொடுத்துத் திருப்பினாள். முழுசாகப் புரண்டது. மறுபக்கம் எண்ணெயில் பட்டதும் மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது.

அடுத்ததைத் தட்டி விட்டாள். அதற்கடுத்ததையும்.

பக்கத்தில் செங்கமலத்தின் வளையல் சத்தம் விலகிப் போயிற்று. அடுக்களை வாசலையும் தாண்டிவிட்டது.

"தாயி! என்னைத் தனியா அடுப்புகிட்ட விட்டுட்டு எங்க போறே?"

"இலை போட."