பேஸைக் கீழே வைத்த மரியதாஸ்

"இன்னைக்கோட நிறுத்திக்கறேன் டீச்சர்," என்றார் மரியதாஸ்.

ஜெசிந்தா ஃபிடிலின் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "எதை அண்ணே?"

"பேஸை. குழுவையும்தான்."

அவருக்கு ஐம்பத்தொன்று. அவளுக்கு முப்பத்து நான்கு. பதினோரு வருஷமாக அவள் குரு, அவர் சீடர்.

"மாண்டலின், பாஞ்சோ, கிடார், ஃபிடில். நாலும் கத்துக் கொடுத்தீங்க. ஒண்ணைக்கூட மைக் முன்னாடி வாசிச்சதில்ல."

"ஏன்?"

"கேக்கறீங்களே. தாளம் யாரு பிடிப்பா?"

அது ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழு. அந்த இசையில் டிரம் கிடையாது. ஆள் உயரத் தந்தி வாத்தியமான பேஸ்தான் தாளம். மேடைக்கு ஒரே மைக். மற்றவர்கள் முறை வரும்போது முன்னால் வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். பேஸ்காரர் நகர்வதில்லை.

"இன்னைக்கு மைக் முன்னாடி வாங்க," என்றாள்.

"தாளம்?"

"வாங்கன்னா வாங்க."

அன்று மாலை, கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். முந்நூறு பேர்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஜெசிந்தா அவரைப் பார்த்து, மைக்கை நோக்கித் தாடையை அசைத்தாள்.

மரியதாஸ் பேஸைத் தரையில் படுக்க வைத்தார்.

"அண்ணே, அதை விட்டா அது விழுமா, நீங்க விழுவீங்களா?" என்றான் பாஞ்சோ சவரிமுத்து, வாசிப்பை நிறுத்தாமலே.

மரியதாஸ் பக்கத்தில் இருந்த மாண்டலின்காரனிடமிருந்து மாண்டலினை வாங்கிக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

பேஸ் இல்லை. காலடிப் பலகையை உருவினாற்போல் இருந்தது. முதல் சுற்று வாசித்தார். இரண்டாவதில் விரல் தயங்கியது. பாட்டு இப்போது சரிந்துவிடும் என்று தோன்றியது.

ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் வில்லால் தரையைக் காட்டினாள்.

நான்கு பேர். நான்கு குதிகால்கள், ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. எல்லாம் இடது குதிகால்.

யாரும் அப்படித் தாளம் போடுவதில்லை. வலது பாதத்தின் நுனியால்தான் போடுவார்கள். பேஸ் சாயாமலிருக்க வலது காலை ஊன்றி நிற்கிறவன் ஒருவனுக்குத்தான் அந்த வழக்கம் வரும்: மரியதாஸுக்கு.

சவரிமுத்துவுக்கும் இடது குதிகால். பாடுகிற பெண்ணுக்கும். ஜெசிந்தாவுக்கும்.

மரியதாஸ் இன்னும் மூன்று சுற்று வாசித்தார். பாட்டு முடிந்தபோது அரங்கம் எழுந்து நின்றது.

கைதட்டல் அடங்கக் காத்திராமல் சவரிமுத்துவிடம் கையை நீட்டினார்.

"பாஞ்சோவைக் கொடுடா."