கண் அதிகாரியைத் தேடிப் போனவர்கள்

ஒரு ஊரில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரிட்ஜ், அதனால் தோசைமாவு கிடையாது. குட்டிக் குப்பிகளில் ஆன்டிபாடிகள் குடியிருந்தார்கள். ஆள் தேடுவது அவர்கள் தொழில். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு புரதத்தின் முகம்தான் தெரியும். அதைக் கண்டால் கப்பென்று பிடித்துக்கொண்டு பச்சை விளக்கேற்றவேண்டும்.

முயல் ரத்தத்தில் பிறந்த முயலப்பனும் எலி ரத்தத்தில் பிறந்த எலியம்மையும் தேடியது ஒரே ஆளை. கண் அதிகாரி என்று பேர். மீன் கருவில் செல்லின் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, இங்கே கண் முளைக்கட்டும் என்று உத்தரவு போடுகிறவர்.

ஆய்வாளர் சுகிர்தா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து மீன் கருக்களில் விட்டாள். துளி பார்த்ததெல்லாம் குப்பிக்கும் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள், அது அவர்கள் வீட்டு விஷயம்.

எலியம்மை ஏற்றியது இரண்டே புள்ளி, அதுவும் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். முயலப்பனோ தலை, வால், வயிறு என்று தேர்த்திருவிழாவே நடத்திவிட்டான். சுகிர்தாவுக்கு ஒரே குஷி. எலி கெட்டுப்போயிருக்கும், சிங்கில் ஊற்றிவிடலாமா என்று பேராசிரியர் தங்கப்பழத்திடம் கேட்டாள். இன்னொரு கருவில் பார்த்துவிட்டு ஊற்று என்றார் அவர்.

சிங்க் என்ற சொல் காதில் விழுந்ததும் எலியம்மை பக்கத்துக் குப்பியைத் தட்டினாள்.

"அதிகாரி வாலிலுமா இருந்தார் அண்ணே?"

"மூக்கு ஒத்துப்போச்சு தங்கச்சி, பிடிச்சுட்டேன். முழு முகமும் பார்த்துக்கிட்டிருந்தா பிழைக்க முடியுமா? நாளைக்கு நீயும் நாலு இடத்துல ஏத்து. எரியிற விளக்கோட எவனும் சண்டைக்கு வரமாட்டான்."

மறுநாள் புதுக் கரு. எலியம்மை அறை அறையாக நுழைந்தாள். எங்கும் அதிகாரி இல்லை. ஒரு மூலையில் அவரைப் போலவே மூக்குள்ள ஒருவர் இருந்தார். பிடித்துக்கொண்டால் சிங்க் இல்லை, சாக்கடை இல்லை. கையை நீட்டினாள். முகத்தைப் பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டாள்.

முயலப்பன் வழக்கம்போல ஜெகஜ்ஜோதி. அதிகாரி தன்னிடம் குசலம் விசாரித்ததாகவும் சொல்லிக்கொண்டான்.

நுண்ணோக்கியில் குனிந்த சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சார், இது கண்ணே வராத கரு. அதிகாரியோட ஜீனை நாமதான் முன்னமே வெட்டி எடுத்துட்டோமே. பிறக்காத ஆளை முயல் ஊரெல்லாம் பிடிச்சு வச்சிருக்கு."

"எலி?"

"கும்மிருட்டு, சார்." கோயில் தீபம் பார்த்தவள்போல அந்த இருட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எலியம்மையை முன்தட்டுக்கு மாற்றினார்கள். சிங்க் ஓரத்தில் உட்கார்ந்திருந்த முயலப்பனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"உள்ளதைச் சொல்லு தங்கச்சி. அவர் அங்கே இல்லைன்னு உனக்கு முன்னமே யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை அண்ணே," என்றாள் எலியம்மை. "போய்ப் பார்த்தேன்."