இடது காது

"இன்னும் என்னதான் வைக்கணும் மேடம்? கொம்பு வெச்சாச்சு, இறக்கை வெச்சாச்சு, வால்ல தீயும் வெச்சாச்சு."

நல்லசிவத்துக்கு வயது நாற்பத்தெட்டு. பாடப்புத்தகங்களுக்குத் தவளை, இதயம், செம்பருத்தி என்று வரைந்தே பாதி ஆயுளை ஓட்டியவர். விநோத விலங்குகளைப் பிடித்துச் சேர்க்கும் ஒரு வீடியோ கேமுக்கு அந்த விலங்குகளை வரைய வந்திருந்தார். வரைந்த பத்தொன்பதும் தேறவில்லை. இருபதாவதும் போனால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அந்த வீட்டில்தான் அவரால் இருக்க முடியவில்லை.

ஃபர்ஹானாவுக்கு இருபத்தொன்பது. அங்கே அவள்தான் குரு. படத்தை முதலில் பார்க்கவே மாட்டாள். படம் வரைந்த அட்டையைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருக்கும் கதையைத்தான் படிப்பாள்.

"எரிமலையில் பிறந்தது. ஆயிரம் வயசு. பயங்கரக் கோபக்காரன்." நிமிர்ந்தாள். "படத்தை முடிச்சிட்டுத்தானே இதை எழுதினீங்க அண்ணா?"

"ஆமா மேடம். கதையை யாரு பார்க்கப்போறா?"

அவள் ஒயிட்னரை எடுத்தாள்.

"கொம்பு எதுக்கு?"

"கம்பீரமா இருக்கும்."

கொம்பு போயிற்று.

"இறக்கை?"

"எல்லாரும் வைக்கிறாங்களே."

இறக்கையும் போயிற்று. வாலும் தீயும் அதன் பின்னாலேயே போயின. நாலு நாள் உழைப்பு நாலு நிமிடத்தில் வெள்ளையானது.

கடைசியில் ஒரு காதுதான் மிஞ்சியது. இடது காது. பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"இது?"

"அது சும்மா, கை போன போக்குல போட்டது."

ஃபர்ஹானா அதை அழிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து பழைய பத்தொன்பது அட்டைகளையும் எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள்.

பல்லி, பாறை மிருகம், பறக்கும் பன்றி. எல்லாவற்றுக்கும் இடது காது பின்னால் திரும்பியிருந்தது. மீனுக்குக்கூட ஒரு காது இருந்தது.

நல்லசிவம் ஒவ்வோர் அட்டையாகக் குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"டப்பா," என்றார்.

"யாரு அண்ணா?"

"எங்க வீட்டு நாய். என் சம்சாரம் ஸ்கூட்டர்ல கடைக்குப் போனவ, வழியில விபத்து, திரும்பி வரலை. அன்னையிலேர்ந்து அது எப்படிப் படுத்தாலும் ஒரு காது மட்டும் வாசல் பக்கமே இருக்கும். மூணு மாசம். என்னால பார்க்க முடியலை மேடம். ஒரு பண்ணையில கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டேன். அங்க பத்து நாள்கூட அது உயிரோட இருக்கலை."

விசும்பி விசும்பி அழுதார்.

அவள் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அழுகை அடங்கியபின் ஒரு புது அட்டையை அவர் முன் வைத்தாள்.

இந்த முறை அவர் பின்பக்கத்தை முதலில் எழுதினார். பிறகுதான் வரைந்தார். கொம்பில்லை, இறக்கையில்லை. சின்ன உருவம், சுருண்டு படுத்திருந்தது.

ஃபர்ஹானா படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள். அடியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"இதை விட்டுட்டீங்களே அண்ணா. விளையாடுறவங்க இதை எப்படிப் பிடிக்கிறது?"

"பிடிக்க முடியாது மேடம்," என்றார் நல்லசிவம். "பக்கத்துல போய் உட்காரலாம்."