அரிவாள்காரன் பங்கு

சோலையப்பன் மலையடி மடத்துக்கு வந்தபோது அவருடைய இடது கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. வேட்டி நுனி உரசினாலே உயிர் போனது. மகன் பாண்டித்துரைதான் வண்டியிலிருந்து தூக்கி இறக்கினான்.

மடத்தில் இருந்த ஞானாம்பாள் சோலையப்பனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர் கையால் திருநீறு வாங்கிய நாள் முதல் சோலையப்பனுக்கு அவர்தான் குரு.

“தாயி, வெள்ளிக்கிழமை கெடா வெட்டு. அதுக்குள்ள நான் எந்திரிச்சு நிக்கணும்.”

“ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கண்ணே?”

“ரத்தத்துல யூரிக் ஆசிட் ஏறிப்போச்சாம். கிட்னி பாதி போச்சாம். ஈரல், குண்டிக்காய் தொடக் கூடாது, சாராயம் கூடாது, தண்ணியக் குடி குடின்னு ஒரே பாட்டு.”

“குடிக்கிறீங்களா?”

“எங்கப்பாவா? மாட்டுக்குத் தண்ணி காட்டுறதோட சரி,” என்றான் பாண்டித்துரை.

ஞானாம்பாள் சிரிக்கவில்லை.

கருப்பன் கோயிலில் கிடா வெட்டும் உரிமை சோலையப்பன் வீட்டுக்கு. வெட்டுகிறவன் விடிந்ததிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நிற்க வேண்டும். தலை விழுந்ததும் அந்த வறண்ட தொண்டையில் படையல் சாராயம் இறங்கும். பிறகு கிடாவின் ஈரலும், குண்டிக்காய் என்கிற சிறுநீரகமும் அவன் இலைக்கு வரும். வேண்டாம் என்று சொன்னால் உரிமை அடுத்த வகையறாவுக்குப் போய்விடும். சோலையப்பனின் அப்பா அந்தப் பங்கைத் தின்றார். அண்ணனும் தின்றார். அண்ணனைக் கடைசியாகப் பார்க்கப் போனவர்களுக்கு முகமே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு நீர் கோத்திருந்தது.

“வருஷத்துல ஒரு நாள். அதுல என்ன ஆயிடப் போகுது தாயி?”

“மத்த நாள்ல?”

சோலையப்பன் விரலைப் பார்த்துக்கொண்டார். “மத்த நாள்ல... ஏதோ கொஞ்சம்.”

“ஒண்ணும் ஆகாதுங்கிறீங்க.”

“ஆகாது தாயி.”

“அப்ப ஏன் கஷ்டப்பட்டு நிக்கணும்? அரிவாளை மகன்கிட்டக் குடுத்துருங்க.”

சோலையப்பன் யோசித்தார். “கை மாறினா முதல் கவளத்தை நான்தான் அவனுக்கு ஊட்டணும். அதான் வழக்கம்.”

“ஊட்டுங்க. நானும் வர்றேன்.”

ஞானாம்பாள் மருந்து எதுவும் தரவில்லை.

வெள்ளிக்கிழமை பாண்டித்துரை ஒரே வெட்டில் கிடாவைச் சாய்த்தான். குலவை எழுந்தது. அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் இலை வந்தது. மிளகு போட்டு வறுத்த ஈரல், பக்கத்தில் இரண்டு குண்டிக்காய், ஒரு தம்ளர் சாராயம். அடுத்த வகையறாக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

“ஊட்டுய்யா, ஆறிப்போகுது!”

“மகனுக்கு விட்டுக்குடுக்க மனசு வரல போல!”

சிரிப்பு பரவியது. சோலையப்பன் ஒரு துண்டு ஈரலை எடுத்தார். பாண்டித்துரை குனிந்து மண்டியிட்டான். வலது காலை மடக்கும்போது பல்லைக் கடித்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை. சோலையப்பன் கவனித்தார். எட்டிப் பார்த்தார். பெருவிரல் கணு லேசாகச் சிவந்து மினுங்கியது.

“என்னடா கால்ல?”

“செருப்புக் கடிச்சிருச்சுப்பா.”

“எப்பலேர்ந்து?”

“போன மாசமும் வந்துச்சு, தானாப் போயிருச்சு. எல்லாரும் பாக்குறாங்க, நீ ஊட்டுப்பா.”

விரலிடுக்கில் எண்ணெய் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. சோலையப்பன் கூட்டத்தில் ஞானாம்பாளைத் தேடினார். அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“தாயி,” என்றார் சோலையப்பன். “இப்ப நான் என்ன செய்யணும்?”

“நான் சொல்ல என்ன இருக்குண்ணே? பிள்ளை வாயத் தெறந்துட்டான்.”