ஒரு சொம்பு, நான்கு கைகள்

குருபூஜைக்கு முந்தின நாள் தையல்நாயகி தனியாக மடத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவளும் ரூபாவதியும் சேர்ந்துதான் வருவார்கள். ரூபாவதி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

மடத்தை நடத்தும் சாமிக்கும் அவளுக்கும் ஒரே வயது, அறுபத்தொன்று. அவர் பாய் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில நீங்க யாருன்னு கேட்டாங்க சாமி. என்ன சொல்றது? பதினஞ்சு வருஷமா எட்டிப் பாக்காத அவ அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு உடம்பை எடுத்துட்டுப் போனார். நான் தெருவுல கூட்டத்தோட கூட்டமா நின்னேன். யாரோ என்னைக் காட்டிக் கேட்டாங்க. கூடத் தங்கியிருந்தவங்கன்னு சொன்னார்."



அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் செய்துகொள்ளும் கல்யாணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று அவளும் ரூபாவதியும் இன்னும் சிலரும் ஒன்பது வருஷம் வழக்கு நடத்தித் தோற்றிருந்தார்கள். இது அடுத்த மனு.

"வக்கீல் கையெழுத்துக் கேக்கறார். அவளே போயிட்டா. இனிமே யாருக்காகப் போடணும்?"

"நாளைக்குக் குருபூஜை. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கம்மா."

அவளுக்குக் கோபம் வந்தது. வயிறு எரிந்து கேட்டால் சாப்பாடு போடுகிறேன் என்கிறார். இருந்தாலும் தங்கினாள். அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பிப் போகப் பயமாக இருந்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குருபூஜையன்று தம்பதிகள் ஜோடி ஜோடியாக முன்னால் வந்து, ஒரே சொம்பை நான்கு கையாலும் பிடித்துப் மடத்தை நிறுவிய பெரியசாமியின் பாதுகைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். "தம்பதியா வந்தவங்க வாங்க" என்று சாமி கூப்பிடுவார். ஒவ்வொரு வருஷமும் அந்தக் குரலுக்கு ரூபாவதி பாதி எழுந்துவிடுவாள். தையல்நாயகி முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "சும்மா உக்காருடி, ஊர் சிரிக்கும்."

மறுநாள் சாமி கூப்பிட்டார். ஜோடிகள் வந்து வார்த்துவிட்டுப் போனார்கள். கடைசித் தூண் ஓரம் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பாதி எழுந்தான். மற்றவன் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்.

தையல்நாயகி அதைப் பார்த்தாள். 

"எல்லாரும் ஆச்சு சாமி. தீபாராதனை காட்டலாமா?" என்றார் மடத்துக் காரியஸ்தர்.

"இன்னும் ரெண்டு பேர் வரணும்."

சாமி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தூணைப் பார்த்தபடி நின்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ முணுமுணுத்தார்கள். முன்வரிசையில் இரண்டு குடும்பங்கள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போயின. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். நான்கு கையின் பிடியும் சேராமல் தண்ணீரில் பாதி தரையில் போயிற்று. சாமி சொம்பை மறுபடி நிரப்பிக் கொடுத்தார்.

பந்தி முடிந்ததும் தையல்நாயகி மனுவில் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தாள்.

"போட்டுட்டேன் சாமி. ஆனா ஒண்ணு கேக்கணும். இருபத்திரண்டு வருஷம் நாங்க அதே தூண்கிட்டதான் உக்காந்திருந்தோம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அவ எழுந்ததையும் பாத்தீங்களா?"

"ஒவ்வொரு வருஷமும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் எங்களுக்காக இப்படி நிக்கல?"

சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"கூட்டம் மொத்தமும் எழுந்து போயிடும்னு பயந்தேன்."

வாசலைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டே குடும்பந்தாம்மா போச்சு."