பல்லக்கோடு வந்த புலவர்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இது உங்களுக்கான கதை. முன்னொரு காலத்தில் மணலூர் நாட்டைத் தென்னவராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் ஒருவருக்கு மரியாதை செய்யக் கிளம்பிவிட்டால், அவர் பாடு திண்டாட்டம்.

அவன் சபையில் அம்பலவாணர் என்றொரு புலவர் இருந்தார். ஒரே நேரத்தில் எட்டு விஷயங்களைக் கவனித்துச் சொல்வதில் கெட்டிக்காரர். முதுகில் எறிந்த பூ எத்தனை, அடித்த மணி எத்தனை, நடுவில் யாரோ கேட்ட விடுகதைக்கு விடை என்ன என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அதில் சொக்கிப்போன அரசன் அவருக்கு ஒரு பல்லக்கைக் கொடுத்தான். "புலவர் இனிமேல் பல்லக்கோடுதான் சபைக்கு வர வேண்டும்" என்று ஆணையும் போட்டான்.

அதுவரை புலவர் ஆற்றங்கரை வழியாக நடந்துதான் வருவார். இப்போது வீட்டு வாசலில் ஏறினால் சபை வாசலில் இறங்கினார். சாப்பிட்டார், சாய்ந்தார், தூங்கினார். தொப்பை முன்னே வந்தது, ஞாபகம் பின்னே போனது. மனைவி உமையாளைக் கூப்பிட வாயெடுத்தால் பல்லக்குத் தூக்குகிறவரின் பெயர் வந்தது. அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயம் பார்த்து வெண்காடர் என்ற புலவர் ஊர் ஊராக நடந்து மணலூருக்கு வந்தார். அம்பலவாணரைப் போட்டிக்கு அழைத்தார். அந்நாட்டு வழக்கம் கடுமையானது. தோற்றவர் அடுத்த ஆண்டுப் போட்டி வரை வென்றவரின் பல்லக்கைச் சுமக்க வேண்டும். இரண்டு முறை தோற்றவர் நாட்டை விட்டே போக வேண்டும்.

அம்பலவாணர் தோற்றார். பூவை மறந்தார், மணியை மறந்தார், விடுகதை போட்டவரையே யாரென்று கேட்டார்.

மறுநாள் வெண்காடர் பல்லக்கில் ஏறினார். அம்பலவாணர் தோள் கொடுத்தார். முதலில் தொடை கெஞ்சியது, தோள் வீங்கியது, மூச்சு முட்டியது. மாதங்கள் போகப் போக, மேடு ஏறும்போதெல்லாம் மறந்துபோன செய்யுள்கள் தாமாக நாக்கில் வந்து நின்றன. கடவுள் கருணை என்று நினைத்துக் கோயிலில் விளக்கு ஏற்றினார். காலுக்கு அதில் பங்கு உண்டோ என்று அவர் யோசிக்கவே இல்லை. படித்தவர் அல்லவா?

அடுத்த ஆண்டுப் போட்டியில் அம்பலவாணர் வென்றார். ஆண்டு முழுக்கச் சாய்ந்து கிடந்த வெண்காடருக்கு மணி அடித்ததே தெரியவில்லை. அரசனுக்கு ஒன்றும் புரியவில்லை. திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தான். சாப்பாடு சரியில்லை என்று சமையல்காரரை மாற்றினான். கிரகக் கோளாறு என்று ஜோசியரை வரவழைத்தான். பல்லக்கை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குப் புது மெத்தை போட்டார்கள்.

அந்த மெத்தையில் அம்பலவாணர் மறுபடி சாய்ந்தார். சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், சின்ன வயதில் மனப்பாடம் செய்த செய்யுளைச் சொல்லிக்கொண்டு போனார். மூன்றாம் அடியோடு நின்றுவிட்டது. நான்காம் அடி கீழேயிருந்து வந்தது. பல்லக்கைச் சுமந்துகொண்டிருந்த வெண்காடர் மூச்சு வாங்காமல் அதைச் சொன்னார்.

அம்பலவாணர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு முறை தோற்றால் இந்த வயதில் உமையாளை அழைத்துக்கொண்டு எந்த ஊரில் போய் நிற்பது? பல்லக்கை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இந்த அடி எப்போது நினைவுக்கு வந்தது என்று வெண்காடரைக் கேட்டார்.

"மேடு ஏறும்போது வந்தது ஐயா. மெத்தையில் கிடந்தபோது என் பெயரே எனக்குச் சந்தேகமாக இருந்தது" என்றார் வெண்காடர்.

"எனக்கும் மேட்டில்தான் வந்தது" என்றார் அம்பலவாணர். "காலும் தோளும் உழைக்கும்போது தலைக்கு ஏதோ சொல்லி அனுப்புகின்றன. நாம் சாய்ந்துவிட்டால் அவையும் பேச்சை நிறுத்திவிடுகின்றன."

சொல்லிவிட்டு வெண்காடருக்குப் பக்கத்தில் தண்டுக்குத் தோள் கொடுத்தார். காலிப் பல்லக்கு சபைக்குப் போனது. அரசனுக்குக் கோபம் வந்தது. ஆணையை மீறலாமா என்று கேட்டான்.

"மீறவில்லை மன்னா. பல்லக்கோடு வரச் சொன்னீர்கள், பல்லக்கோடுதான் வந்திருக்கிறேன். பல்லக்கில் வரச் சொல்லவில்லையே" என்றார் அம்பலவாணர். தான் சொன்ன சொல்லாயிற்றே, அரசன் ஒப்புக்கொண்டான்.

அன்று முதல் இருவரும் சேர்ந்தே சுமந்தார்கள். போட்டி நாள் வந்தது. பூவை இருவரும் சரியாகச் சொன்னார்கள், விடுகதையை விடுவித்தார்கள், மணியையும் எண்ணிச் சொன்னார்கள். எட்டும் சரி என்றார் அமைச்சர். யாரும் தோற்கவில்லை, யாரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. கூட்டத்தில் நின்ற உமையாள் அழுதேவிட்டாள்.

தீர்ப்பை அறிவிக்க வேண்டியது அரசன். அடித்த மணி எத்தனை என்பதை மன்னர் தம் வாயாலேயே சொல்லட்டும் என்றார் அமைச்சர். அரசன் விரல்களைப் பார்த்தான், மணியைப் பார்த்தான், அமைச்சரைப் பார்த்தான். சபையில் ஒருவருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

புலவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்பலவாணர் மிகவும் பணிவாகச் சொன்னார்:

"மன்னா, நாளைக் காலை முன்தண்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது."

உடம்பை உழைக்க விடாதவன் தன் அறிவைத்தான் பட்டினி போடுகிறான்.