கரட்டுக் குகையில் ஒரு வால் இடம்

சடைச்சி என்ற முள்ளம்பன்றியின் வளைக்குள் ஒரு காலை வெள்ளம் புகுந்தது. நாலு நாள் விடாத மழையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் வந்துவிட்டது. சடைச்சி தன் இரண்டு குட்டிகளையும் முன்னால் ஓடவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். மற்ற தாய்களைப் போலக் கவ்விக்கொண்டு ஓட அவளால் முடியாது. கவ்வினால் குட்டிகளின் முள் குத்தி வாய் கிழிந்துவிடும்.

அந்தக் காட்டில் உயரமான இடம் கரட்டு மேடு ஒன்றுதான். அதன் உச்சியில் ஒரு குகை. வாசலில் நெடுவாலர் என்ற குரங்கு, தன் வாலைத் தரையில் நீட்டி நீட்டி அளந்துகொண்டிருந்தார்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு வால் இடம், ஒரு கட்டு இலை. யானைக்கும் அதுதான், எலிக்கும் அதுதான்" என்றார் நெடுவாலர். "போன வெள்ளத்துல பலசாலிங்க உள்ள படுத்துக்கிட்டாங்க, மத்தவங்க நனைஞ்சாங்க. நான் இருக்கிற வரைக்கும் இனி அது நடக்காது."

கேட்கும்போது சடைச்சிக்கு மனது குளிர்ந்தது. நல்ல குரங்கு என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே போனபிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. அவளுக்கு இடது பக்கம், வாசலை ஒட்டி, செவ்வந்தி என்ற முயல் ஐந்து குட்டிகளோடு இருந்தாள். வலது பக்கம் குருணை என்ற சுண்டெலி. சடைச்சி உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் எல்லோரும் நகர்ந்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் சடைச்சி.

அவள் திரும்பினால் யாருக்காவது குத்தும். மன்னிச்சுக்கோங்க. தும்மினால் முள் சிலிர்க்கும். மன்னிச்சுக்கோங்க. இதைக் கேட்டுக் கேட்டு, வெளியாட்களைப் பார்த்தால் சொல்லவேண்டிய வணக்கம் இதுதான் போலிருக்கிறது என்று அவளுடைய சின்னக் குட்டி முடிவுகட்டிவிட்டது. வருவோர் போவோரிடமெல்லாம் "மன்னிச்சுக்கோங்க" என்று சிரித்தது.

ஒரு வால் இடம் என்றால் எவ்வளவு? செவ்வந்தியின் ஐந்து குட்டிகளும் அதில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஓரத்தில் கிடந்த குட்டிக்குப் பாதி உடம்பு மழைக்குள். குருணைக்கோ அதே இடம் ஒரு மைதானம். அவன் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான்கு பக்கமும் மிரள மிரளப் பார்த்தான்.

யானை பெரியகருப்பன் தன் பங்கு இடத்தில் தலையை மட்டும் நுழைத்தான். உடனே குகை இருண்டுவிட்டது.

"பொழுது போயிடுச்சா?" என்று கேட்டான் குருணை.

"நான்தான்" என்றான் பெரியகருப்பன். தலை உள்ளே, மீதி யானை மழையில்.

"அண்ணே, முழுக்க நனையுறீங்களே, அப்புறம் எதுக்கு இது?" என்று சடைச்சி மெதுவாகக் கேட்டாள்.

"என் பங்கு. நான் ஏன் விடணும்?" என்றான் அவன்.

இலைக் கட்டும் அப்படித்தான். பெரியகருப்பன் ஒரு வாயில் போட்டு மென்றுவிட்டு, "இது ருசி பாக்கவா?" என்று கேட்டான். குருணையோ மூன்று நாளாகத் தின்றும் முதல் இலையையே தாண்டவில்லை. மிச்சக் கட்டுக்குள் ஒருமுறை வழிதவறிப் போய், ஒரு நாழிகை கழித்துத்தான் வெளியே வந்தான்.

நெடுவாலர் தனக்கும் ஒரு வால் இடம்தான் எடுத்துக்கொண்டார். அதில் உடம்பு அடங்கியது. வால் மழையில் கிடந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமை.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் வாடைக்காற்று வாசல் வழியாக நேராக உள்ளே அடிக்கத் தொடங்கியது. முயல்குட்டிகள் வெடவெடவென்று நடுங்கின. கொஞ்ச நேரம் கழித்துச் செவ்வந்தி சடைச்சியைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, ஓரத்துக் குட்டி நடுங்குறதை நிறுத்திடுச்சு. பரவாயில்லைதானே?"

சடைச்சி மூக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். குட்டி ஈரக் கல் மாதிரி இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. போன குளிர்காலத்தில் அவளுடைய மூன்றாவது குட்டியும் இப்படித்தான் நடுக்கத்தை நிறுத்தியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் எழுந்து நேரே நெடுவாலரிடம் போனாள்.

"தலைவரே, செவ்வந்தி குட்டிங்களுக்கு உள்பக்கம் இடம் வேணும். இப்பவே."

"ஒருத்திக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணுமே அம்மா."

"மாத்துங்க. எல்லாருக்கும் மாத்துங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சடைச்சி மன்னிப்புக் கேட்காமல் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்புறம் பலசாலிங்க கை ஓங்கிடும்" என்றார் நெடுவாலர். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "அளக்காம எப்படிக் குடுக்கிறது?"

"கேட்டுக் குடுங்க."

நெடுவாலர் வாசலில் நின்று, "யாருக்கு என்ன வேணும்?" என்று உரக்கக் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் "இடம்" என்றார்கள்.

"பாத்தியா?" என்றார் நெடுவாலர்.

"அப்படி இல்ல. எது இல்லாம கஷ்டப்படுறீங்கன்னு ஒவ்வொருத்தரா கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சடைச்சியே யானையிடம் போனாள். "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இந்தக் குகை உங்களுக்கு எதுக்கு?"

பெரியகருப்பன் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு யோசித்தான். "எதுக்கும் இல்ல தங்கச்சி. மழை எனக்குக் குளிக்கிற மாதிரி. வயிறுதான் காயுது. பங்கை வேண்டாம்னு சொன்னா, இவனுக்கு ஒண்ணும் தேவையில்ல போலன்னு இலையையும் நிறுத்திடுவாங்களோன்னுதான் தலையை உள்ள விட்டுக்கிட்டு நிக்கிறேன். கழுத்து வேற வலிக்குது."

அடுத்துக் குருணை. கேட்டதும் அவன் அழுதேவிட்டான். "எனக்கு இவ்வளவு இடம் வேண்டாம் அக்கா. பயமா இருக்கு. யாரையாவது ஒட்டிக்கிட்டுத் தூங்கினா போதும். இலையும் வேண்டாம். அதுக்குள்ள போனா வழி தெரியல."

மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அதற்குமேல் எல்லாம் மளமளவென்று நடந்தது. முயல்குட்டிகள் உள்பக்கம், குருணையின் மைதானத்துக்குப் போயின. குருணை அவற்றின் நடுவில் புகுந்துகொண்டான். அவனுடைய இலைக் கட்டும், மிச்சம் வைத்திருந்த மற்றவர்களின் கட்டுகளும் பெரியகருப்பனுக்குப் போயின. அவன் தின்றுகொண்டே வாசலுக்குக் குறுக்கே பக்கவாட்டில் நின்றான். காற்று அப்படியே நின்றுபோனது. அந்தக் குகைக்கு அப்படியொரு கதவு அதற்குமுன் இருந்ததே இல்லை.

விறைத்துப்போன குட்டி மட்டும் இன்னும் அசையவில்லை.

"என்கிட்ட குடு" என்றாள் சடைச்சி.

செவ்வந்தி அவள் முதுகைப் பார்த்துத் தயங்கினாள்.

"முதுகைப் பாக்காதே. அடிவயித்துல முள்ளு கிடையாது. பக்கத்துல வந்தாத்தானே தெரியும்?"

செவ்வந்தி குட்டியை மெல்லத் தள்ளிவிட்டாள். சடைச்சி ஒருக்களித்துப் படுத்து அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். செவ்வந்தி அதன் காதுகளை நக்கிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துக் குட்டி மறுபடி நடுங்கத் தொடங்கியது. சடைச்சி கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். பிறகு குட்டி ஒரு தும்மல் போட்டது. "பசிக்குது" என்றது.

"எனக்கும்தான்" என்றான் பெரியகருப்பன் வாசலிலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தி மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

நெடுவாலர் தயங்கித் தயங்கிச் சடைச்சியிடம் வந்தார். "எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. உனக்கு எது இல்லாம கஷ்டம்?"

இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. "நாங்க வந்து உக்காந்தா யாரும் நகராம இருந்தா போதும்" என்றாள்.

"அட, இதுக்கா?" என்றான் பெரியகருப்பன். "குட்டிங்களை என் கால்கிட்ட அனுப்பு. என் தோலுக்கு முள்ளெல்லாம் ஒரு பொருட்டா? மூணு நாளா அந்தப் பின்னங்கால்ல ஒரே அரிப்பு, தும்பிக்கையும் எட்டல."

இரண்டு குட்டிகளும் போய் அவன் காலில் முதுகைத் தேய்த்தன. "கொஞ்சம் மேல... ஆங், அங்கதான்" என்று பெரியகருப்பன் கண்சொருகி நின்றான். நெடுவாலர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் முதுகிலும் ஓர் இடம் ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்வதாக நைசாகச் சொன்னார்.

ஏழாம் நாள் தண்ணீர் வடிந்தது. சடைச்சி குட்டிகளோடு கீழே இறங்கிப் போனாள். அவள் வளை இருந்த இடத்தில் சேறு மூடியிருந்தது. அதன்மேல் ஒரு மருதமரம் சாய்ந்து கிடந்தது. தனியாகத் தோண்டினால் ஒரு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பின்னால் கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. பெரியகருப்பன் வந்து மரத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டான். குருணை வளைக்குள் புகுந்து எங்கே மண் சரியும், எங்கே சரியாது என்று பார்த்துச் சொன்னான். செவ்வந்தி படுக்கைக்குக் காய்ந்த புல் தேடிக் கொண்டுவந்தாள். நெடுவாலர் ஒரு கல்லின்மேல் நின்று யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் வளை திறந்துவிட்டது. மறுநாள் எல்லோருமாகச் செவ்வந்தியின் புதரைச் சரிசெய்யக் கிளம்பினார்கள். சடைச்சி முன்னால் நடந்தாள்.

எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுத்துவிட்டால் மட்டும் அது நியாயம் ஆகிவிடாது. யாருக்கு எது இல்லை என்று கேட்டுக் கொடுத்து, யாரால் எது முடியுமோ அதை அவர்கள் செய்ய இடம் விடும் ஊர்தான் எந்த வெள்ளத்திலிருந்தும் எழுந்து நிற்கும்.